உதிர்ந்த புள்ளிகள்

ஆம்பூர் தோல் மண்டியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு உப்பின் மேல் அசாத்திய நம்பிக்கை. உப்பு போட்ட தோலில் புழு வைக்காதாம். எங்கள் கடல்மீன் தொட்டியில் இருந்த ஒரே மீனின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததும், கேட்காமல் கொள்ளாமல் இன்னும் ஒரு பிடி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினார். அந்தப் புள்ளிகள் கடலிலேயே பிறந்த ஒட்டுண்ணி, அதை உப்பு என்ன செய்யும் என்று கத்தினேன்.

மறுநாள் மீன் பளிச்சென்று இருந்தது. "பாத்தியா, போய்ட்சி" என்றார்.

வேலூரில் மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "புள்ளி போனாதான் பேஜாரு மேடம். கீழ உதிர்ந்து மணல்ல பெருகிக்கினு இருக்கும். மீனை உடனே வேற தொட்டிக்கு மாத்தி காப்பர் மருந்து போடுங்க" என்றார் கடைக்காரர்.

வலையோடு தொட்டிக்குப் போனேன். ஒரு புள்ளியும் இல்லாத அந்த மீன், மணலில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.