வீரையன் எழுதிய நாற்பது வரி

எல்லையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புருஷன் விட்டுப்போன போனில் அவர் பேர் எது என்று தெரியும். முதல் எழுத்தின் தலையில் ஒரு சுழி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பம்புசெட்டில் கரண்டு அடித்துச் செத்துப்போனவர் அவர். உயிரோடு இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள். சொல்ல முடியாததைப் பார்த்துக்கொள்ளவாவது அந்தச் சுழி இருந்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவுக்குப் போய்த்தான் பிழைப்பு. மகள் தமிழ்நிலா மட்டும் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள். பிடிவாதக்காரி என்றார்கள். இருக்கட்டுமே, அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் பிள்ளை பதினொன்றாம் வகுப்பை எட்டியிருக்குமா?

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் புது ஏற்பாடு. நாலு பெண்கள் சேர்ந்து பாசன வாய்க்கால்களைப் பற்றி எழுத வேண்டும். நோட்டில் இல்லை, போனில். ஒரே பக்கத்தில் நாலு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே எழுதலாம். யார் எழுதியது என்று பேரும் காட்டும். தமிழ்நிலா அப்பாவின் போனில் எழுதினாள். வீரையன் என்று காட்டியது.

"பேர மாத்திடட்டுமாம்மா?"

"மாத்தக் கூடாது. அப்பா பேரு அங்கயே கெடக்கட்டும். உன்ன எழுத விடுதுல்ல, எழுது."

நாற்பது வரி எழுதினாள். சந்திரலேகா டீச்சர் அந்த மாசம்தான் மாற்றலாகி வந்தவர். வேறொரு வகுப்புப் பக்கத்தில் எவனோ நுழைந்து அசிங்கமாக எழுதியதிலிருந்து அவருக்குப் பயம். பெண் பிள்ளைகள் நடுவே ஆம்பளைப் பேரைக் கண்டதும் அந்த ஆளை வெளியேற்றி, நாற்பது வரியையும் எடுத்துவிட்டார்.

"யாருடி இந்த வீரையன்?" என்று வகுப்பில் கேட்டார்.

"தமிழ்நிலாவுக்கு வேண்டியவரு டீச்சர்," என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

"எவனோ எழுதிக் கொடுக்கறானா? அம்மாவக் கூட்டிட்டு வா."

செத்த அப்பாவை அந்தச் சிரிப்புக்கு நடுவில் பிள்ளை எப்படிக் கொண்டுவந்து நிறுத்தும்?

மறுநாள் அவள் பஸ் ஏறவில்லை. நடவு நடக்கும் வயலுக்கு வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"நானும் நடறேம்மா. இனிமே பள்ளிக்கூடம் வேணாம்."

எல்லையம்மாள் கையை ஓங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினாள். விஷயத்தைக் கேட்டதும் காலைக்கூடக் கழுவவில்லை. மகளை இழுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் டீச்சர்.

எல்லையம்மாள் மகளை ஒருதரம் பார்த்தாள்.

"வீரையன் பொண்டாட்டி," என்றாள். "அவரு செத்து மூணு வருசமாவுது டீச்சர். இது அவரு போனு. எழுதுனது எம்மவ."

"தப்பு பண்ணிட்டேம்மா. எழுதினது எங்கயும் போயிடல, எடுத்துச் சேத்துடலாம். ஆனா பொண்ணுங்க எழுதற பக்கத்துல ஆம்பளப் பேரே இருக்கக் கூடாதுன்னு மேல உத்தரவு போட்டுட்டாங்க. போன்ல இருக்கற பேரயே மாத்தினாத்தான் நடக்கும். நாளைக்குக் கடைசி நாளு," என்றார் டீச்சர்.

"வேற வழியே இல்லீங்களா?"

"இல்லம்மா."

இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினாள் எல்லையம்மாள். "மாத்து."

"அம்மா..."

"மாத்துடி."

நாற்பது வரியும் திரும்ப வந்தது. பக்கத்தில் தமிழ்நிலா என்று நின்றது. எல்லையம்மாள் போனை வாங்கித் தேடிப் பார்த்தாள். அந்தச் சுழியை எங்கேயும் காணவில்லை.

வயலுக்குத் திரும்பியபோது பக்கத்தில் நட்ட தங்கம்மாள் கேட்டாள், "என்னாடி ஆச்சு?"

"புள்ள கிளாசுல உக்காந்திருக்கா," என்று சொல்லிவிட்டு, நாற்றுமுடியை அவிழ்த்துக்கொண்டு குனிந்தாள்.