கேட்காமல் போட்ட ‘இல்லை’

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கிற பெண் அவர். ஒடிசலான உடம்பு. எதைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொள்வார். என் படிவத்தை வாங்கும்போதும் அப்படித்தான் துடைத்தார்.

கருவில் இருக்கும் குழந்தையை மது எப்படிப் பாதிக்கிறது என்ற ஆய்வுக்காக நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ‘கர்ப்பமாக இருந்தபோது குடித்தீர்களா?’ என்பதுதான் முக்கியமான கேள்வி. தாய்மார்களிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சம். கேட்காமலே ‘இல்லை’ என்று குறித்துவிடுவேன். அவருக்கும் குறித்திருந்தேன்.

அவர் அந்த வரியில் விரல் வைத்தார்.

“இத நீ என்னக் கேக்கவே இல்லியேம்மா?”

“நீங்க குடிச்சிருக்க மாட்டீங்கன்னுதான்க்கா...”

“குடிச்சேன். உடம்பு வலிக்கு தெனம் சாயங்காலம் குடிச்சேன். அத அடிச்சிட்டு சரியா எழுது.”

உள்ளே அவருடைய மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதாகியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பெண். அவர் குரலைத் தாழ்த்தினார். “இவ வயித்துல இருந்தப்ப ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கேட்டாங்க. இத மட்டும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா வுட்டிருப்பேன்.”

நான் அந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதினேன். மறுநாள் ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டு வாங்கிக்கொண்டு, போன வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போய், கேட்டு எழுதினேன்.

நான் போட்டிருந்த ‘இல்லை’யை அவர் அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் விடவில்லை என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.