இடதுபக்கம் நடப்பவன்

யாரும் தொடாமலே அவன் நடக்க ஆரம்பித்தான். வீடியோ கேம் கன்ட்ரோலர் டீப்பாயின் மேல் கிடந்தது. டிவியில், புல்வெளிக்கு நடுவே, பழுப்புக் கோட்டுக்காரன் முதுகு காட்டியபடியே மெதுவாக இடதுபக்கம் நகர்ந்து, வேலியில் முட்டி, முட்டிய இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு என்ன அவசரம் உங்களுக்கு?" என்றாள் அவள், துவைத்த துணியை மடித்தபடி.

காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு 'பீப் அக்கா' என்று பெயர். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, வெளியிலிருந்து ஒலி அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தில் இரண்டு பேர் ஒலியே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். கேட்டதாகச் சத்தியம் செய்வார்கள். அவள் வாதாடமாட்டாள். சும்மா காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை.

கணவர் போய்ப் பதினொரு மாதம். இருந்தவரை, வேலை முடிந்து வந்தால் மனிதர் இந்த விளையாட்டே கதி என்று கிடப்பார். அவர் இறந்த அந்த மாதமே, ஒரு சனிக்கிழமை மதியம் தூசி தட்டும்போது கை பட்டு அந்த கேம் பெட்டி உயிர்பெற்றது. கோட்டுக்காரன் தானாக நடந்தான். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. மகளுக்கு சீட் கிடைத்தது, மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவது, ஆஸ்பத்திரியில் அவருடைய செயற்கை மூச்சுக் குழாயை எடுத்துவிடச் சொல்லித் தான் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் அந்த முதுகைப் பார்த்துச் சொல்லியாயிற்று. அந்தக் கையெழுத்து விஷயம் வேறு யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். பின்னால் கொழுந்தன், ரிப்பேர் கடைப் பையோடு.

"அம்மா, நாளையோட எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் முடியுது. உன் போன்ல பாதி ஸ்க்ரீன் கருப்பு. உங்க சென்டர் டாக்டர் அனுப்பற மெசேஜை நீ பாதிதான் படிக்கற."

"போனை மாத்திக்கலாம். இது இருக்கட்டும்."

"பழைய போனு, பழைய கேமு ரெண்டையும் சேத்துக் குடுத்தாதான் புதுசு ரெண்டும் அந்த விலைக்கு. எத்தனை தடவை சொல்றது?" மகள் டிவியைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "பாருங்க சித்தப்பா. இதைத்தான் அப்பான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து வேறொரு கன்ட்ரோலரை எடுத்தார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் கட்டைவிரல் பட்டுப் பட்டு பழைய கன்ட்ரோலர்ல இந்தக் குச்சி ஒரு பக்கமா தேஞ்சிருச்சு. சும்மா கெடந்தாலும் 'இடது, இடது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். இப்பப் பாருங்க."

பழையதை அணைத்துவிட்டுப் புதியதை இணைத்தார். கோட்டுக்காரன் நின்றுவிட்டான்.

"இனிமே நீங்க என்ன சொன்னாலும் அசையமாட்டான்."

"உங்க அண்ணன் மட்டும் சொன்னா அசைஞ்சாரா?" என்றாள். மூவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

அவர்கள் டீ போடப் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. குச்சி தேய்ந்தது உண்மைதான், கண்ணால் பார்த்தாயிற்று. ஒலி வராமலே இத்தனை நாள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. காத்திருந்தாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "இருக்கீங்களா?" என்றாள்.

அவன் திரும்பினான்.

நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி, அவளுக்கு நேராக நின்றான். பதினொரு மாதத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒட்டிய கன்னம், வெளிறிய கண். அவர் ஜாடை துளியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த எவர் ஜாடையும் இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, பாதியில் விட்ட பேச்சின் மீதியைக் கேட்க நிற்பவன்போல நின்றான்.

புதிய கன்ட்ரோலரும் டீப்பாயின் மேல்தான் இருந்தது.

அவள் மடியிலிருந்த சட்டை கீழே சரிந்தது. கையெழுத்து விஷயத்தை இவனிடமா சொன்னோம்?

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னம்மா ஆச்சு?" சமையலறையிலிருந்து மகள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டையும் குடுத்துரலாம்."

"நெஜமாவா? அப்புறம் உக்காந்து அழக்கூடாது."

"கடையை எத்தனை மணிக்குத் தெறக்கறான்?"

மறுநாள் பத்து மணிக்குப் போனார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்டாள். அழித்துவிடுங்கள் என்றாள் இவள். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மகள் உட்காரச் சொன்னாள், அவள் நின்றுகொண்டே இருந்தாள். புதிய போனுக்கு நீல உறை வாங்கினார்கள். திரும்பும்போது மழை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மதியம் மகள் புதிய கேம் பெட்டியை மாட்டிக் கார் பந்தயம் ஓட்டினாள். அவள் இரண்டு சேலைகளை இஸ்திரி போட்டாள். மாலையில் டாக்டரின் மெசேஜ் வந்தது. திங்கட்கிழமை நான்கு பேர், முதல் ஆள் ஒன்பதரைக்கு. முழுவதும் படித்துவிட்டு, சரி என்று பதில் அனுப்பினாள்.