மகளின் வீசிங்கும் அப்பாவின் பஞ்சுச் சட்டையும்

என் கணவருக்குக் கப்பலூரில் ஒரு மெத்தைக் கம்பெனியில் வேலை. இலவம்பஞ்சை அடித்து மெத்தையிலும் தலையணையிலும் நிரப்புகிற இடம். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கள் மகள் படியிறங்கி ஓடுவாள். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சாக நிற்பவரைக் கட்டிக்கொண்டு சட்டையில் முகத்தைப் புதைப்பாள். அவர் அப்படியே தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார்.

அவள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, மழைக்காலத்தில் பிடித்த சளி போகவே இல்லை. ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, காத்து உள்ள போகலம்மா" என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம். ஆட்டோவில் ஏறியபடியே கணவருக்குப் போன் போட்டேன்.

குழந்தைகள் டாக்டர் நெபுலைசர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் குழி மறைந்தது. "பசிக்குது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் அழுதுவிட்டேன். அதற்குள் கணவரும் வந்து சேர்ந்தார்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இளைப்பு உண்டா? வீட்டுல சிகரெட், பீடி? கொசுவத்தி?" என்று டாக்டர் விசாரித்தார். என் தம்பிக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்ததைச் சொன்னேன். புகை பிடிப்பவர் யாரும் இல்லை, கொசுவத்தி மட்டும் தினமும் உண்டு. கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் பஸ்கள் திரும்பும் ரோட்டைப் பார்த்து இருப்பதையும் சொன்னேன்.

கணவர் வேலை உடுப்போடு கதவோரமே நின்றார். "நான் பஞ்சு வேலை பாக்குறேன் டாக்டர். பிள்ளை என் சட்டையிலதான் மூஞ்சிய வச்சுக்கும். என்னாலதானா?"

"யாராலயும் இல்லங்க. பிறவியிலேயே சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் சட்டுனு சுருங்கிக்கிரும். சளி, புகை, தூசி எல்லாம் அதைத் தூண்டிவிடும். தூண்டுறதைக் குறைச்சா போதும். உங்க வேலைய விடச் சொல்லல. குளிச்சு, சட்டைய மாத்திட்டுப் பிள்ளையத் தூக்குங்க."

மறுநாளே அவர் முதலாளியிடம் பேசி, கம்பெனிப் பின்கட்டுக் குழாயடியில் குளித்து வர ஆரம்பித்தார். மாற்றுச் சட்டை அங்கேயே தொங்கியது. வேலை உடுப்பை இறுக்கிக் கட்டிய பையில் கொண்டுவந்து நேராக வாளியில் போடுவார். மகளுக்குத்தான் ஏமாற்றம். "அப்பா மேல சோப்பு வாசம்தான் வருது" என்று முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொசுவத்திக்குப் பதில் வலை கட்டினோம். போர்வை, உறைகளை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டேன். ரோட்டு ஜன்னலை நெரிசல் நேரத்தில் சாத்தி, பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். கீழ் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுபவர். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே படியேறி வந்தார்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டுதாமே, ஏம்மா சொல்லல? சாம்பிராணி போடாட்டி அல்லா கோவிச்சுக்கவா போறான்? இனி அத்தரு போதும்."

டாக்டர் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலர்தான் பெரிய சண்டையாகிவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே அதைப் பழக்குனா காலத்துக்கும் விடாதுடி" என்று என் அக்கா போனில் பதறினாள். எனக்கும் பயம் தொற்றியது. டாக்டரிடமே கேட்டேன். மருந்து கொஞ்சம்தான், நேராக நுரையீரலுக்குப் போகும், பழக்கமாகிவிடாது; நன்றாக இருக்கிறாளே என்று நாமாக மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். குழாய் போன்ற ஸ்பேசரை முகத்தில் வைத்து மருந்தை இழுக்கவும், பிறகு வாய் கொப்பளிக்கவும் அவளே கற்றுக்கொண்டாள். பொம்மைக்கும் வைத்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். உடனே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். "ஓடட்டும், ஓடுறது அவளுக்கு நல்லது" என்ற டாக்டர், ஓடுவதற்கு முன்னால் எந்த மருந்தை இழுக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். பி.டி. சாரிடம் எல்லாம் விளக்கிவிட்டு, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். கடைசிக்கு முந்தி வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் விசில் இல்லை.

"எனக்குப் பின்னாடியும் ஒருத்தி வந்தா, பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்."

இன்றைக்கும் பலமான சளி பிடித்தால் அவளுக்கு வீசிங் வருகிறது. என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்பதால் வீடு கலங்குவதில்லை.

அன்று பந்தயம் முடிந்து வீடு திரும்பும் வழியில், சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது கொய்யாப்பழம் கேட்டாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வாங்கிக் கொடுத்தேன். உறைப்பில் உஸ் உஸ் என்று தின்றுகொண்டே, அடுத்த வருசம் நீளம் தாண்டப் போவதாகச் சொன்னாள்.