ஷிப்டுக்கு ஒரு தேக்சா

முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆலோசனை எழுதித் தரச் சொல்லி, நான் படித்த பாலிடெக்னிக்கில் கேட்டார்கள். ஒப்புக்கொண்ட வாரத்தில் அம்மா இறந்துபோனார். இப்போது உட்கார்ந்தால் அவரைப் பற்றித்தான் எழுத வருகிறது. எனக்குத் தெரிந்த ஆலோசனைகளும் அவர் சொன்னவைதான். பாதி உதவாதவை.

அம்மா பெயர் நஜ்முன்னிசா. பேகம்பூரில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்தார். அத்தா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அடுப்பும் ஆட்களும் அம்மா பொறுப்பு. ஆள் குள்ளம், குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

வத்தலக்குண்டு சாலையில் ஒரு நூற்பாலையில் எனக்கு எலக்ட்ரிகல் டிரெய்னி வேலை கிடைத்தது. கிளம்பும்போது சொன்னார்:

"ஏலே இஷாக்கு, கரண்டு பெட்டியில கை வச்சிராத."

"அம்மா, அதுக்குத்தான் சம்பளமே."

"அப்ப பக்கத்துல இருக்கவன வைக்கச் சொல்லு."

கேட்டிருக்கலாம். இரண்டாவது வாரமே எனக்கு அறிவு முற்றிவிட்டது. நூற்பு மிஷின்களை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டியின் புரோகிராமில், யாரும் கேட்காத ஒரு திருத்தத்தைச் செய்தேன். பாலிடெக்னிக்கில் நான் மெடல் வாங்கிய பாடம் அது. பழைய புரோகிராமை நகல் எடுத்து வைக்கவில்லை; மெடல் வாங்கியவனுக்கு நகல் எதற்கு? ஒரு வரிசை முழுக்க நின்றுபோனது. ஷிப்டு முடியும்வரை ஓடவில்லை.

"இன்ஜினியர் தம்பி, இந்த மில்லு இம்புட்டு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்லப்பா" என்றார், மூத்த எலக்ட்ரீஷியன் சடையாண்டி அண்ணன்.

வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்தேன். இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றேன்.

"யாருக்கு நட்டம்?" என்றார் அம்மா.

"கம்பெனிக்கு."

"கம்பெனி சோறு திங்குமா? ஆளச் சொல்லு."

யோசித்தேன். அன்றைய ஊக்கத்தொகை போனது அந்த வரிசையில் நின்ற பெண்களுக்கு. மிஷின்களின் மாடல் எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆட்களில் மரியசெல்வி என்ற ஒரு பேர்தான் தெரியும். அதுவும், அவர் என்னைத் திட்டியபோது பக்கத்திலிருந்தவர், "மரியசெல்வி, விடு" என்றதால்.

அம்மாவுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் சோறு குழைந்துபோனது. மறுநாள் ஒரு தேக்சா நிறைய பிரியாணி செய்து பெண் வீட்டில் இறக்கிவிட்டு, பேசாமல் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா அவுக 'பரவாயில்ல'ன்னு சொல்லணும். அது அவுகளுக்கு இன்னொரு வேல."

அதே மாதிரி, மிஷின் நின்ற மறுநாள் ஆட்டோவில் பிரியாணித் தேக்சாவையும் என்னையும் ஏற்றினார். தேக்சாவைத்தான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். மில் வாசலில் வாட்ச்மேன், "எந்த மந்திரி வாராரு?" என்றார். மேனேஜர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கொடுத்த கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மரியசெல்வி அக்கா இரண்டாம் முறை தட்டோடு வந்தார்.

"அடுத்து எப்ப தம்பி மிஷின நிறுத்துவ?"

அந்த ஆலையில்தான் இன்னும் இருக்கிறேன். ஆகவே பிள்ளைகளே, எதையும் மாற்றுமுன் நகல் எடுங்கள். பக்கத்தில் நிற்பவர் பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டுப் பெட்டி பற்றி அம்மா சொன்னதை விட்டுவிடலாம்.

அம்மாவை அடக்கம் செய்த பிறகும் நான் போர்வைக்குள்தான் கிடந்தேன். மில்லிலிருந்து போன் வந்தும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. மௌத்து வீடு என்பதால் அடுப்பு பற்றவைக்கவில்லை. மறுநாள் மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. சடையாண்டி அண்ணனும் மரியசெல்வி அக்காவும் ஒரு தேக்சாவை இறக்கி வைத்தார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சட்டி வாடகைக்கு எடுத்தது அப்பு. கழுவிக் கொண்டாந்துரு" என்றார் அண்ணன். போய்விட்டார்கள்.

கறி ஹலாலா இல்லையா என்று எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தக்காளிச் சோறாகச் செய்திருந்தார்கள். குழைந்திருந்தது. உப்பும் கம்மி. அம்மா இருந்திருந்தால் அவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை தேக்சாவைக் கழுவி எடுத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனேன்.