டியூப்பில் அடைத்த பச்சை

போன வாரம் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி என் பெருவிரலில் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மேரி, மதிலோரம் நின்ற கம்யூனிஸ்ட் பச்சையில் நாலு இலையைப் பறித்துக் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்தாள். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. அந்த நெடி மட்டும் நிற்கவில்லை. பச்சை மாங்காயையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து அரைத்தது போல ஒரு நெடி. சாயங்காலம் வரைக்கும் என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது யாரும் நடாமல் தானே வளரும் செடி. ரோட்டோரம், ரப்பர் தோட்டம், கல்லறைத் தோட்டம் என்று அழைக்காமலே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டதால் அந்தப் பெயர் என்பார்கள். என் அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் செங்கொடி யூனியன்காரர். “காயத்த ஆத்துகதுனால தாம்ட்டி அந்தப் பேரு” என்று சாதிப்பார்.

அப்பாவுக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கத்தி கையில் பட்டால் இந்த இலைதான் மருந்து. நான் கெமிஸ்ட்ரி படித்து, தக்கலைப் பக்கம் இதே இலையில் புண் களிம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. முதல் டியூப்பை டீக்கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். “நம்ம காட்டுப் பச்சைய எனக்க மவ டியூப்புக்குள்ள அடைச்சிட்டா!”

என்னோடு பீனாவும் சேர்ந்தாள். நாகர்கோவில் கல்லூரியில் ஒரே பெஞ்ச். என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறந்து தின்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா பலாச்சுளையைத் தனியே எடுத்துவைத்திருப்பார். கம்பெனியில் எனக்குப் பரிசோதனை அறை, அவளுக்குக் களிம்பு கலக்கும் அறை. அவள் கொண்டுவந்து தரும் மாதிரியில் ஒரு பொட்டு எடுத்து, வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டில் வைத்து, கரைப்பான் திரவத்தில் நிறுத்துவேன். ஈரம் மேலே ஏற ஏற, சாற்றில் உள்ள சத்துக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உயரத்தில் போய் நின்றுகொள்ளும். புற ஊதா விளக்கில் பார்த்தால் மஞ்சளாக ஒளிர்வது ஃப்ளேவனாய்டு. புண்ணின் வீக்கத்தைத் தணிப்பது அது. டானினும் அந்தச் சாற்றில் உண்டு. பாக்கை மென்றால் வாயை இழுத்துப் பிடிக்குமே, அதே சரக்கு. ரத்தத்தை உறைய வைப்பது. அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு கர்வம் எனக்கு.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு மழைக்காலத்தில் காலில் கம்பி கீறியது. நான் நம்முடைய களிம்பைப் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டது, வலியும் போய்விட்டது. சந்தோஷத்தில் பீனாவிடம்தான் முதலில் சொன்னேன். “கொள்ளாமே, நல்லதாப் போச்சு” என்றவள், தானே இன்னும் இரண்டு டியூப் எடுத்து என் பையில் வைத்தாள்.

தோலுக்கு மேலே அமைதியாக இருந்த புண், அடியில் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. காய்ச்சல் வந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன போட்டீர்கள் என்று கேட்டார். டியூப்பைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இலை மட்டும் இவ்வளவு சீக்கிரம் சிவப்ப எடுக்காதே. ஸ்டீராய்டு ஏதும் இருக்கான்னு பாரும்மா. அது சிவப்பையும் வலியையும் மறைச்சிட்டு, புண்ண ஆற விடாது” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் களிம்பைச் சோதிப்பவளே நான்தானே! இருந்தாலும் அடுத்த நாள், பீனா தந்த மாதிரியை விட்டுவிட்டு, கடையில் வாங்கிய டியூப்பிலிருந்து ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்தில் மருந்துக்கடை ஸ்டீராய்டு மாத்திரையைக் கரைத்து ஒரு பொட்டு. விளக்கைப் போட்டேன். எந்த இலையிலும் நான் பார்த்திராத ஒரு கரும்பொட்டு, மாத்திரையின் பொட்டுக்கு நேர் பக்கத்தில், அதே உயரத்தில் நின்றது. எனக்கு வரும் மாதிரியில் அது ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்டீராய்டுப் பொடி போடுவதற்கு முன்பே எடுத்துத் தனியே வைத்த களிம்பைத்தான் இத்தனை நாளும் சோதித்திருக்கிறேன். அதை எடுத்து வைத்தவள் பீனா.

தகட்டோடு அவள் அறைக்குப் போனேன்.

“ஏட்டி, இது எப்பம் தொட்டு?”

அவள் தகட்டைப் பார்க்கவில்லை. “நாம சேந்த அன்னைக்கே உண்டு. முதலாளி ஆருட்டயும் சொல்லப்பிடாதுண்ணு சொன்னாரு.”

“எனக்க அப்பாவுக்குப் போடுகேன்ணு ஒனக்குத் தெரியுமில்லா?”

“வலி குறஞ்சுதுண்ணு நீதானே சொன்னே. ஆறிரும்ணு நெனச்சேன். சொன்னா வேல போயிரும். எனக்குக் கல்யாணம் வேற பேசிட்டிருக்காவ...”

“டியூப்ப எடுத்து எனக்க பைக்குள்ள வச்சியேட்டி.”

அவள் அழுதாள். நான் அழவில்லை, தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து கம்பெனியைப் பூட்டினார்கள். இலை பறித்துத் தந்துகொண்டிருந்த பெண்கள் கொஞ்ச காலம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பீனா கல்யாணம் முடிந்து கணவனோடு வளைகுடாவுக்குப் போய்விட்டாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார். பிறகு, “பீனா பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது மக்கா” என்றார். தெரியும் அப்பா, அவளே ஒத்துக்கொண்டாள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “பயந்து பேடிச்சு ஒத்துக்கிட்டிருப்பா” என்றார். சாகும்வரை அப்படித்தான் சொன்னார். என்னை ஏமாற்றியவளை அவர் தன் மனதில் ஒரு அடி தள்ளிவைக்கக்கூட மறுத்தது, எனக்கு இரண்டாவது ஏமாற்றமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். உடம்பு பெருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள்; பீனாதான்.

“அப்பா சொகமா இருக்காவளா?”

அப்பா இறந்ததே அவளுக்குத் தெரியவில்லை. சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வைத்து எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தக்கலை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

களிம்புக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பீனாவுக்குப் பிறகும் சிநேகிதிகள் கிடைத்தார்கள், நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் ஆசையாக ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து தந்தாலும், முதல் கரண்டி வாய்க்குப் போகுமுன் ஒரு கணம் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்காமலே வாங்கித் தின்றுகொண்டிருந்த ஒருத்தி முன்பு எனக்குள் இருந்தாள். அவள் எங்கே போனாள் என்றுதான் தெரியவில்லை.