சகலமும் தெரிந்தவரும் ஐந்தாவது ரெஜிஸ்டரும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'சகலம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "எனக்குச் சகலமும் தெரியும்" என்பார். மேலாளர் அவருடைய அக்காள் கணவர். தகுதி அத்தோடு முடிந்தது.

மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் செய்வது எங்கள் தொழில். எங்கள் சிப்பில் எண்களை வைத்துக் கணக்கிட ரெஜிஸ்டர்கள் பதினாறே பதினாறு. மொழிமாற்றத்தின் முதல் பாதியில், தற்காலிக ரெஜிஸ்டர்களைக் கற்பனையாக எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். பிறகு இடம் ஒதுக்கும் கட்டம் வந்து எல்லாவற்றையும் அந்தப் பதினாறுக்குள் அடக்கும். அதற்குமேல் புதிதாக ஒன்றுகூடக் கேட்கக்கூடாது. கேட்டால் கம்பைலர் நின்றுவிடும்படி ஒரு சோதனை வரி வைத்திருந்தோம்.

பெருக்கலை வேகமாக்குகிறேன் என்று கிளம்பிய சகலம், எல்லா இடமும் ஒதுக்கி முடிந்தபிறகு புதிய ரெஜிஸ்டர் கேட்டார். கம்பைலர் நின்றது. அவர் சோதனை வரியை அழித்தார். புதியது எதுவானாலும் ஐந்தாவது ரெஜிஸ்டரைக் கொடு என்று எழுதினார். அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்தேன். மேலாளரின் மச்சினனிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று டீ குடிக்கப் போனேன்.

மூன்றாம் வாரம் வாடிக்கையாளரின் ஆய்வுக்கூடத்தில், எங்கள் கம்பைலர் மாற்றிக் கொடுத்த நிரலில் ஓடிய தண்ணீர் பம்பு நிற்க மறுத்தது. தொட்டி வழிந்து தரையெல்லாம் குளம்.

"அவங்களுக்கு புரோகிராம் எழுதத் தெரியல," என்றார் சகலம்.

எங்கள் சோதனைப் பிரிவுப் பெண் ஒரே காலையில் காரணத்தைக் கண்டுபிடித்து, அச்செடுத்த தாளை அவர் மேசையில் வைத்தாள்.

"சார், எவ்வளவு தண்ணி ஏறினா பம்பை நிறுத்தணுங்கற அளவு அஞ்சாவது ரெஜிஸ்டர்லதான் இருந்துச்சு. நீங்க அது மேலயே எழுதிட்டீங்க."

"ஏம்மா, ஒரே ஒரு ரெஜிஸ்டர்! அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"இடம் ஒதுக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிருக்கலாமே சார். அப்ப யாரும் தடுக்கலையே."

"அதைத்தானே போன வாரமே மாமாகிட்ட சொன்னேன்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் சோறே இல்லாமல் மறைத்தார்.

இருபது வரிகளில் அவள் அதைச் சரிசெய்தாள். சோதனை வரியையும் திரும்ப வைத்தாள். மேலாளர் கூட்டம் போட்டு மச்சினனைப் பாராட்டினார். ஆண்டு விருந்தில் சகலத்தின் மனைவி என்னிடம் வந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை, வெள்ளந்தியான பெண்மணி.

"அந்தப் பம்பை இவர்தான் நிறுத்தினாராமே?"

"ஆமாங்க," என்றேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

சோதனைப் பிரிவுப் பெண் இரண்டே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ரெஜிஸ்டர் ஒதுக்கீடு பற்றிச் சகலம்தான் வகுப்பெடுக்கிறார்.